பியானோ அண்ணையின் வாசல்

அவரைப் பியானோ அண்ணை என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவு இருக்கவில்லை. அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. வாழ்நாளில் ஒரு பியானோவைத் தொட்டிருப்பாரோ என்பதே சந்தேகம். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வீடு காட்ட வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளையால் வந்த பெயர் அது. அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றேன். அதனால் இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

அப்போது நாங்கள் இருவரும் டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். வேலையும் ஒரே பெற்றோல் செட்டில்தான். அவருக்குப் பகல் ஷிப்ட், எனக்கு இரவு ஷிப்ட். வீடு பார்க்கக் கிளம்பும் நாட்களில் என் நித்திரையைக் கெடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வீடு வாங்கப் போகிறவர்கள் குசினியைப் பார்ப்பார்கள், கூரை ஒழுகுமா என்று பார்ப்பார்கள், ஸ்டேஷனுக்கு எவ்வளவு நடை என்று கேட்பார்கள். இவர் ஒன்றையும் பார்க்கமாட்டார். முன்கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஐசே, நீர் பின்னால பிடியும்" என்பார்.

பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவர் முன்னே, நான் பின்னே. இரண்டு பேரும் வெறும் காற்றைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே காலடியில் உள்ளே நடக்கவேண்டும். ஹோல்வேயில் நாலு எட்டு வைத்து, முன்னறைக்குள் திரும்பவேண்டும். லண்டன் வீடுகளின் லட்சணம் தெரியும்தானே. கதவைத் திறந்தால் படிக்கட்டு மூக்கில் இடிக்கும். "முட்டுது" என்று சொல்லித் தோளிலிருந்த காற்றை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மேல்மாடியை அவர் ஏறிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கும். வீடு காட்டுகிறவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வை அப்படி.

கோலியர்ஸ் வுட் வீட்டில் படிக்கட்டு கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது. முன்னறை வாசலும் அகலம். மெல்ல நடந்து, மெல்லத் திரும்பி, அறையின் நடுவில் வந்து நின்றோம். "முட்டேல்லை ஐசே! ஒரு இடமும் முட்டேல்லை!" என்று அண்ணை கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முதல் கண்டதில்லை. வீடு காட்ட வந்த பெண்பிள்ளைக்கும் சந்தோஷம். பியானோ கொண்டுவரப் போகிறீர்களா என்று கேட்டாள். அண்ணை ஒரு கணம் யோசித்தார்.

"யெஸ், யெஸ். வெரி பிக் பியானோ."

மறுநாள் பெற்றோல் செட்டில் நான் இதை அவிழ்த்துவிட்டேன். அத்தோடு பெயர் ஒட்டிக்கொண்டது. நாங்கள் தூக்கிப் பார்த்தது பிரேதப்பெட்டி என்பதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை.

அண்ணை வீடு தேடத் தொடங்க முதல், சாவகச்சேரிக்காரர் ஒருவர் எங்கள் அறையில் மூன்றாவது ஆளாக இருந்தார். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், திரும்பி எழும்பவில்லை. ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கு வைத்து, தேவாரம் பாடி அனுப்புவோம் என்று அண்ணை வீட்டுக்காரரிடம் கேட்டார். வீட்டுக்காரரும் எங்கள் ஆள்தான், கோயில் கமிட்டியில் இருக்கிறவர். "குடியிருக்கத்தான் அறை தந்தனான், செத்தவீடு நடத்த இல்லை" என்று சொல்லிவிட்டார். சாவகச்சேரிக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் வைக்கிற பார்லருக்கும், பார்லரிலிருந்து எரிக்கும் இடத்துக்கும் ஒரு பார்சலைப் போலப் போனார். அங்கே எங்களுக்குத் தந்த நேரம் முடிவதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்றது. அறைக்குத் திரும்பி, அவருடைய கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கை ஏற்றினோம். வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, அலாரம் அடிக்கும் என்று சொல்லி அதையும் ஊதி நூர்த்தார்.

அடுத்த நாள் பஸ் ஸ்டொப்பில் நிற்கும்போது அண்ணை சொன்னார். "வாழுறதுக்கு அறை காணும் ஐசே. ஒரு கட்டிலும் சூட்கேசும் வைக்க இடமிருந்தாக் காணும். ஆனா வெளிக்கிடுறதுக்கு ஒரு வாசல் வேணும். இன்ன வீட்டில இருந்து போனவர் எண்டு சொல்ல ஒரு வாசல்."

அதன்பிறகு அவர் சீட்டுப் பிடித்தார், இரண்டு வேலை செய்தார், வெளியே ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை. கடைசியில் அந்த வாசலை வாங்கினார். அதோடு சேர்ந்து ஒரு வீடும் கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டுக்காரரான பிறகும் அவர் படுத்தது மேலே இருந்த பொக்ஸ் ரூமில். கை இரண்டையும் விரித்தால் சுவரில் படும், அவ்வளவுதான் அந்த அறை. முன்னறையை வெறுமையாகவே வைத்திருந்தார். சோபா இல்லை, டீவி இல்லை. மூலையில் ஒரு குத்துவிளக்கு மட்டும். திரும்பும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று முன்னறைக் கதவைக் கழற்றித் தோட்டத்து ஷெட்டில் போட்டுவிட்டார். பனிக்காலத்தில் வீட்டுச் சூடெல்லாம் அந்த வழியால் போய்விடும். அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு குசினியில் குந்தியிருப்பார். ஹோல்வேயில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். யார் வந்தாலும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு குசினிவரை போகவேண்டும். "வழியில வையாதேங்கோ, வழி வழியா இருக்கட்டும்" என்பார்.

பெற்றோல் செட்டில் வீட்டு விலை பேசாத நாள் கிடையாது. ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருவன் அண்ணையைப் பிடித்துக்கொண்டு, "விலை நல்லா ஏறிப்போச்சு அண்ணை. வித்துப்போட்டு ஹரோ பக்கம் ஒரு செமி வீடு எடுங்கோ. இல்லாட்டி அந்த முன்னறையையாவது வாடகைக்கு விடுங்கோ, சும்மாதானே கிடக்குது" என்றான்.

"சும்மா கிடக்கேல்லை தம்பி, காவல் கிடக்குது" என்றார் அண்ணை. "வித்த காசு என்னைத் தோளில தூக்கிக்கொண்டு போகுமோ?"

அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். நான் சிப்ஸ் பைக்கற்றுகளை அடுக்கத் தொடங்கினேன்.

அந்த முன்னறைக்கு முதலில் வந்தவர் எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு மனிதர். அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, ஏணி மாதிரி ஒடுங்கிய படிக்கட்டு உள்ள பிளாட்டில் மனைவியோடு இருந்தவர். ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். கடையில் செய்தி கேட்ட அண்ணை, மரக்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

"அக்கா, எங்கட வீட்டுக்குக் கொண்டுவாங்கோ."

அந்த மனிசி அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஆர்? உங்கட வீட்டுக்கு நாங்கள் என்னெண்டு..."

"உங்கட வீடெண்டே நினையுங்கோ. வாசல் நல்ல அகலம்."

இப்படி ஒரு ஆறுதல் வார்த்தையை உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அது பலித்தது. பெட்டி முட்டாமல் திரும்பியது. அந்த மனிசி முன்னறையில் பெட்டியின் தலைமாட்டில் இருந்து வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே, வீட்டுக்காரர் வருவாரே என்ற பயமில்லாமல் அழுதார். அண்ணை வாசலில் நின்று, வருகிற ஆட்களையெல்லாம் கைகூப்பி உள்ளே விட்டார்.

பிரேதம் வெளிக்கிட்டபோது, இந்த ஊர் வழக்கப்படி பெண்களும் கார்களில் ஏறி எரிக்கும் இடத்துக்குப் புறப்பட்டார்கள். அண்ணை ஏறவில்லை. "நான் நிக்கிறன்" என்றார்.

"வாங்கோ அண்ணை, இடமிருக்கு" என்று கூப்பிட்டேன்.

"பிரேதம் போன வீடு வெறுமையாக் கிடக்கக் கூடாது ஐசே. போறவர் ஒருக்காத் திரும்பிப் பாத்தா, வாசலில ஆரும் நிக்கவேணும்."

நாங்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவியிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் ஒரு வாளியில் மஞ்சள்தண்ணீர் கால் கழுவத் தயாராக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்த வீட்டிலிருந்து போயிருப்பார்கள் என்று நான் எண்ணவில்லை. அகதிக் கேஸ் முடியாமல் ஹொஸ்டலில் இருந்தவர்கள், கவுன்சில் பிளாட்டின் லிப்டுக்குள் பெட்டி நுழையாதவர்கள், படிக்க வந்த இடத்தில் முடிந்துபோன ஒரு பிள்ளை. பியூனரல் கம்பனி ஆட்களுக்கே அந்த வீடு பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் போனார்கள். அண்ணை நின்றார்.

"எல்லாரும் போன பிறகு என்ன அண்ணை செய்வியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கழுவுவன். பிறகு சும்மா இருப்பன். நிலத்துக்குக் கீழால சுரங்க ரெயின் போற சத்தம் கேக்கும் ஐசே. ஆக்கள் நிக்கேக்க கேக்காது. எல்லாரும் போனாப் பிறகுதான் கேக்கும்."

செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அது எங்கள் வழக்கம். மற்ற வீடுகளில் வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று இழுத்து இழுத்து அரைமணி நேரம் கதைக்கிற சனம், செத்தவீட்டில் சத்தம் காட்டாமல் எழும்பி நழுவிவிடும். திரும்பவும் வாறன் என்று அங்கே சொல்லக் கூடாது. அண்ணையின் வீட்டில் இது பழக்கமாகவே போய்விட்டது. சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்க வந்தவனும் கோப்பையை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுவான். எனக்கும் அந்த வாசலில் நாக்கு எழும்பாது. அவரே முந்திக்கொண்டு, நான் சொல்லாததற்குப் பதில் சொல்வதுபோல, "சரி, போட்டு வாரும்" என்பார்.

ஒருநாள் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். "எவ்வளவு சனம் வருது ஐசே, இந்த வீட்டுக்கு. ஒருத்தராவது சொல்லிப்போட்டுப் போகினமோ பாரும்." சிரிப்பு முடிந்த பிறகும் அவர் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

நல்ல காரியம் ஒன்று அந்த வீட்டில் நடக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. பிறந்தநாளா, இஞ்ச வையுங்கோ. கலியாண எழுத்தா, முன்னறை பெரிசு, இஞ்ச வையுங்கோ. யாரும் வெட்டென்று மாட்டேன் என்று சொல்லவில்லை. லண்டனில் நாகரிகமான ஒரு மறுப்பு இருக்கிறது, அதன் பெயர் பார்க்கிங். "அங்க பார்க்கிங் கஷ்டம் அண்ணை" என்றார்கள். அதற்குள் எனக்கும் கலியாணமாகியிருந்தது, என் மனைவியும் அதையேதான் சொன்னாள். எங்களிடம் அப்போது காரே இல்லை. வீட்டுக்கு வந்து, "அந்த வீட்டில பச்சைத்தண்ணி வாயில வைக்கவும் எனக்கு ஏலாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவளையும் குறை சொல்லமாட்டேன். அவள் சொன்னதைத்தான் ஊரே நினைத்தது.

கலியாணப் பேச்சு ஒன்றும் வந்தது. நாற்பது தாண்டியவருக்கு ஏற்ற, நிதானமான பெண். பெண்ணின் தமையன் வீட்டைப் பார்க்க வந்தார். அண்ணை புதுச் சேட்டுப் போட்டு, வடை வாங்கி வைத்து, என்னையும் கூப்பிட்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. தமையன் ஹோல்வேயில் நின்று, "நல்ல அகலமா இருக்குது, பழைய வீடுகளில இப்பிடி இல்லை" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அண்ணைக்குப் புளகாங்கிதம் தாங்கவில்லை.

"அதுதானே! பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பிடியே திரும்பலாம். ஒரு இடமும் முட்டாது. உங்கட தங்கச்சி ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை."

நான் அவர் காலை மிதித்தேன். பிந்திவிட்டது. தமையன் வடையைத் தட்டில் வைத்துவிட்டு நேரம் பார்த்தார். அவரும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார். "ஏன் ஐசே, நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று அண்ணை என்னைக் கேட்டார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. தன்னிடம் உள்ள பெரிய சொத்து எதுவோ அதைத்தான் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தோடு கலியாணப் பேச்சு நின்றது.

போன பனிக்காலத்தில் அவருக்கு ஈரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் போய்ப் பார்ப்பேன். வலி பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார். "வீட்டுத் திறப்பு உம்மட்டைத்தானே இருக்கு?" என்று மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்பார். ஓம் அண்ணை, இருக்கு என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். அவர் கேட்டது சாவியைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு ரொறன்ரோவிலிருந்து அவருடைய அக்காவின் மகன் வந்தான். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. மாமாவை அவன் சின்ன வயதில் ஒருமுறை கண்டதுதான். பியூனரல் கம்பனிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

"அங்கிள், எல்லாம் ஒன்லைன்ல புக் பண்ணிட்டன். பார்லரில இருந்து டைரக்டா கிரிமட்டோரியம். பிறகு டூட்டிங்ல ஹோல், சாப்பாடு. உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"வீட்டுக்குக் கொண்டுவரவேணும் தம்பி."

"வீட்டுக்கு ஏன் அங்கிள்? அங்க சோபாகூட இல்லை. அவ்வளவு சனம் எங்க இருக்கிறது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கே தொடங்கி, எதை அவனுக்குச் சொல்வது? சாவகச்சேரிக்காரரில் இருந்தா, பியானோவில் இருந்தா? நான் வாயைத் திறக்க முதலே, மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பியூனரல் கம்பனி வெள்ளைக்காரக் கிழவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த நல்ல ஹோல்வே வீடா என்று கேட்டார். வாசலில் எப்போதும் ஒரு மனிதர் நிற்பாரே, அவரா என்று கேட்டார். ஓம் என்றேன். அவரை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் எப்படி என்று கிழவர் பொடியனைப் பார்த்தார். பொடியன் போனை எடுத்து புக்கிங்கை மாற்றத் தொடங்கினான்.

நான் முன்னால் பிடித்தேன். அத்தனை வருடமும் பின்னால்தான் பிடித்தவன். ஹோல்வேயில் நாலு எட்டு வைத்து மெல்லத் திரும்பினோம். "முட்டேல்லை அண்ணை" என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. பின்னால் பிடித்தவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

சனம் வந்தது, தேவாரம் பாடியது, நேரத்தைப் பார்த்தது. கார்களில் ஏறும்போது பொடியன் திறப்புக்காகக் கையை நீட்டினான். "பூட்டிட்டு வாங்கோ அங்கிள். நீங்கதானே அவற்ற பெஸ்ட் பிரெண்ட், நீங்க வரவேணும்."

"அதாலதான் தம்பி, நான் நிக்கிறன்."

அவர்கள் போனார்கள். அவர் எரிந்ததை நான் காணவில்லை. வீட்டைக் கழுவினேன். விளக்கை ஏற்றினேன். வாளியில் மஞ்சள்தண்ணீர் கரைத்து வாசலில் வைத்தேன். பிறகு முன்னறையில் நிலத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிலம் லேசாக அதிர்ந்தது. கீழே ரெயின் போனது. பிறகு இன்னொன்று. இதைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதன் எத்தனை தரம் இங்கே தனியாக இருந்திருப்பான் என்று நினைத்ததும் நான் விம்மி விம்மி அழுதேன்.

ஒருவரும் திரும்பி வரவில்லை. பொடியன் போன் அடித்தான். "அங்கிள், எங்க நிக்கிறியள்? எல்லாரும் ஹோலில சாப்பிடுகினம்." வீட்டில நிக்கிறன் என்றேன். அங்கே கரண்டிச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டது. திங்கட்கிழமை வீட்டைப் பார்க்க ஏஜென்ட் வருவான் என்றான். விலை நன்றாகப் போகுமாம். வாளியில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

பின்னேரம் மங்கும் நேரத்தில் வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எழும்பிப் போனேன். கடைக்கு மேலே பிளாட்டில் இருந்த அந்த மனிசி. தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்தக் குளிரில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, வெறுங்காலில் மஞ்சள்தண்ணீரை வார்த்துக்கொண்டு நின்றார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்தார்.

"ஆர் நிண்டது?"

"நான்தான் அக்கா."

கோட்டைக் கழற்றி மடித்தார். "எண்ணெய் எங்க இருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் வீட்டை போய்க் குளிச்சுச் சாப்பிட்டு வாங்கோ. அதுமட்டும் நான் நிக்கிறன். முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியும்வரைக்கும் மாறி மாறி நிப்பம். ஏஜென்ட் வாறதாம் எண்டு ஹோலில கதைச்சினம், அவனை நான் பாத்துக்கொள்ளுறன்."

எண்ணெய்ப் போத்தலைக் காட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன். சப்பாத்தை மாட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி, வழியில் ஒன்றுமே இல்லாத அந்த ஹோல்வேயைப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணை, போட்டு வாறன்."

உள்ளே அந்த மனிசி திடுக்கிட்டிருப்பார். செத்தவீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. பிறகு முன்னறையிலிருந்து மனிசியின் குரல் வந்தது.

"ஓம், போட்டு வாங்கோ."